தாழ்ப்பாளுக்கு உள்ளே ஒரு வகுப்பு

இன்று அவனியாபுரம் ஷேர் ஆட்டோவில் யாழினியின் அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டார். போன வருடம் வரை அரசுத் திட்டத்தில் நான் நடத்திய மாலை வகுப்பில் படித்தவள் யாழினி.

"பட்ஜெட்ல காசு ஒதுக்கலைன்னு வகுப்ப நிப்பாட்டிட்டாகளாம்ல டீச்சர்?"

ஆமாம் என்றேன்.

அவர் பட்டறை வேலை முடிந்து வர இருட்டிவிடும். அதுவரை யாழினி தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு வீட்டில் தனியாக இருக்கிறாளாம்.

"பக்கத்து வீட்ல பயப்புடுறாக டீச்சர். ஒத்தப் பிள்ளை இருக்குற வீட்ல இம்புட்டுப் பிள்ளைக சத்தம் எப்படிக் கேக்குதுன்னு. ஒருநா வெள்ளன வந்து சன்னல் வழியா பாத்தேன். வகுப்புல இருந்த பிள்ளைக பேரையெல்லாம் கூப்புடுறா. அவளே வேற வேற குரல்ல 'உள்ளேன் டீச்சர்'ங்குறா."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"கடைசியா 'டீச்சர்'னு கூப்புடுறா. அதுக்கு மட்டும் குரல் குடுக்க மாட்டேங்குறா. கதவையே பாத்துக்கிட்டு இருக்கா."

நான் இறங்க வேண்டிய இடம் எப்போதோ போய்விட்டிருந்தது.

பட்ஜெட்டைப் பிரித்து மேய்ந்து பதிவு போடும் நண்பர்கள் யாராவது, ஒரு சாயங்காலம் போய் அவளுக்கும் விளக்கிவிட்டு வாருங்கள்.

சத்தம் கேட்டுப் பயப்பட வேண்டாம். உள்ளே ஒரு பிள்ளைதான்.