லைக்கன் பண்ணிச் சொல்லு

பக்கத்து வீட்டு லேண்ட்லைன் ரிசீவரைக் காதில் வைத்தால் காய்ச்சிய தேங்காயெண்ணெய் மணக்கும். சவுதியிலிருந்த அப்பாவின் குரல் வெள்ளிக்கிழமைதோறும் அந்த மணத்தோடுதான் எனக்கு வரும்.

தங்கை பிறந்தபோது நான் ஆறாம் வகுப்பு. ஒரு வயது நிறையும்முன் போட்டோ எடுத்தால் பிள்ளையின் ஆயுசுக்கு ஆகாது என்று எங்கள் ஊரான புதுக்கடையில் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். அதை மீற அம்மாவுக்குத் துணிவில்லை. அப்பாவுக்கோ வேறு பயம். அவருடைய கேம்பிலிருந்த ஒருவர் விடுப்பில் வந்து இறங்கியதும், திருவனந்தபுரம் ஏர்போர்ட் வாசலில் யாருடைய பிள்ளையையோ வாரியெடுத்து முத்தமிட்டாராம். பெற்ற பிள்ளையைத் தனக்கும் அடையாளம் தெரியாமல் போய்விடுமோ என்று அப்பா ஆடிப்போயிருந்தார்.

அந்த வாரம்தான் இங்கிலீஷ் வகுப்பில் "லைக்கன்" படித்திருந்தோம். ஒன்றை இன்னொன்றுக்கு ஒப்பாகச் சொல்வது. "கம்பேர்" எது உசத்தி, எது மட்டம் என்று அளந்து பார்க்கும். "லைக்கன்" அளக்காது, எங்கெங்கோ கிடக்கும் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைக்கும். பிள்ளை பார்க்க வந்தவர்களெல்லாம் நிறத்தையும் மூக்கையும் கம்பேர் செய்துவிட்டுப் போக, நான் என் புது வார்த்தையைப் பெருமையோடு அப்பாவிடம் அவிழ்த்துவிட்டேன். அப்புறம் வெள்ளிதோறும் இதே பேச்சுதான்.

"ஏட்டி மக்கா, லைக்கன் பண்ணிச் சொல்லு."

அழுதால் எண்ணெய் காணாத கிணற்றுக் கப்பி என்றேன். தூங்கும்போது வலது கையை மூடித் தலைக்கு மேலே தூக்கி வைத்திருக்கிறாள், பஸ்ஸில் நீங்கள் கம்பியைப் பிடித்து நிற்பதுபோல என்றேன்.

அவள் தவழத் தொடங்கிய பிறகு அப்பா வந்தார். ஏர்போர்ட் வாசலில் அம்மாவும் நானும் தண்ணீர் வாங்கப் போயிருந்த நேரம். நாங்கள் வந்த வேனின் டிரைவர், அப்பா அதுவரை பார்த்தேயிராதவர், அவர் தோளில் தங்கை உறங்கிக் கிடந்தாள். சுற்றிலும் எத்தனையோ பிள்ளைகள். நாங்கள் திரும்பியபோது, அப்பா பெட்டியைக் கீழே போட்டுவிட்டு, தங்கையின் தூக்கிய கையைத் தொட்டபடி அந்த டிரைவரின் முன்னால் நின்றிருந்தார்.

"பஸ்ஸு கம்பிய இன்னும் விடல்லியா மக்கா?"

நான் சொன்ன ஒரு சொல் கடல் கடந்து போய், அவரைக் கையைப் பிடித்து இங்கே கூட்டி வந்திருக்கிறது. இன்றைக்கும் அதை நினைத்தால் மலைப்பாகத்தான் இருக்கிறது.

இப்போது சென்னையில் தங்கைக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது. மணிக்கொரு படம் வருகிறது; பார்த்துவிட்டு விரலால் தள்ளிவிடுகிறோம், யாரைப்போல என்று யாரும் யாரிடமும் கேட்பதில்லை. கண் மங்கிப்போன அப்பாதான் நான் நீட்டிய மொபைலை ஒதுக்கிவிட்டு, "நீ சொல்லு மக்கா" என்றார். அத்தனை படம் பார்த்திருந்தும் எனக்கு ஒன்றும் வாயில் வரவில்லை. அப்பா அன்றுபோலவே காதைக் கொடுத்துக் காத்திருந்தார்.