வீரையன் என்று சொல்லிக் கைகொடுத்தவர்

கலியமூர்த்தி அப்பா, உன் பெயரை நான் வாய்விட்டுச் சொல்வது இதுதான் முதல் முறை. நீ செத்துப்போனதிலிருந்து அந்த அமெரிக்காக்காரர் நினைப்பாகவே இருக்கிறது. உன் கருமாதிக்கு வந்திருப்பவர்களுக்கும் அதைச் சொல்கிறேன்.

போன அறுவடைக்குத் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் எங்கள் காலனிக்கு அவர் வந்தார். நல்ல உயரம், வெயிலில் கன்றிப்போன கழுத்து. யாரைப் பார்த்தாலும் கையை நீட்டி, "வீரையன்" என்பார்.

"வீரையன் செத்து எவ்வளவு காலமாச்சு, இவரு யாருய்யா?" என்று டீக்கடைக்காரர் அப்பாவைக் கேட்டார்.

வீரையன், அப்பாவின் தாத்தா. கூலி நெல் கூட்டிக் கேட்டு மிராசுதாரிடம் அடிபட்டவர். அவருடைய மூத்த மகன் படித்து அமெரிக்கா போனார். அங்கே தகப்பன் பெயரையே குடும்பப் பெயராக எழுதிவிட்டார்கள். வந்தவர் அந்த மகனுடைய பிள்ளை, அப்பாவுக்கு அண்ணன் முறை.

"மிராசுதாரு வாயில அந்தப் பேரு வந்ததே இல்லண்ணே. 'டேய்'தான்," என்றார் அப்பா.

"எங்க வீட்டு வாசல்ல அந்தப் பேர்தான் இருக்கு. நாயை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனா, சீட்டுல அதுவும் வீரையன்தான்."

"எங்க வாசல்லயும் பேரு இருக்குண்ணே. வீடு திறந்துவச்ச மந்திரி பேரு."

அவர் சிரிக்கவில்லை. என்னிடம் திரும்பி, "இங்க யாருமே வீரையன் இல்லையா?" என்றார்.

"எங்களுக்கு இனிஷியல்தாங்க. எனக்கு அப்பாவோட எழுத்து. என் பிள்ளைக்கு அதுவும் இருக்காது."

"அப்ப என் தம்பி பேரு என்னாகும்?" என்று அப்பாவைக் காட்டினார்.

"ஒரு எழுத்து போதும்ணே, எழுத லேசு," என்றார் அப்பா.

அங்கே நாய்க்குக்கூடக் கொள்ளுத்தாத்தா பெயர். இங்கே அப்பாவுக்கு மிச்சம், என் பெயருக்கு முன்னால் ஒரு 'க'. வந்திருக்கிற எல்லோரும் அப்பாவுக்காக வேண்டிக்கொள்ளுங்கள். வேண்டும்போது முழுப் பெயரையும் சொல்லுங்கள்.