வாசலில் சொல்லக்கூடாத சொல்

அந்த அமெரிக்கர் ஒரு காலத்தில் சினிமா இயக்குநர். முதல் படத்தைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்களாம். அடுத்த இரண்டும் மண்ணைக் கவ்வின. அதற்குப் பிறகு அங்கே அவரை யாரும் கூப்பிடவில்லை. லண்டனுக்கு வந்து நாடகம் போட்டார். பெரிய அரங்கில் தொடங்கி, சின்ன அரங்குகளுக்கு இறங்கி, கடைசியில் ஸ்ட்ரெதமில் ஒரு தேவாலய மண்டபத்துக்கு வந்து சேர்ந்தார். நான் அவரிடம் நடிக்கப் போனது அங்கேதான். பகலில் எனக்குக் கவுன்சிலில் வேலை, மாலையில் ஒத்திகை.

அவருக்கு ஈரலில் புற்றுநோய். எங்களிடம் அதை மறைக்கவில்லை. "முதல் காட்சியைப் பார்த்துவிட்டால் போதும்" என்றபடி மாத்திரையை விழுங்குவார். ஆனால் பரிதாபப்பட விடமாட்டார். பஸ்ஸைத் தவறவிட்டவள் மாதிரி மேடையில் நடக்கிறாய் என்று என்னை எல்லார் முன்னாலும் வைவார்.

நாடகம் ஆங்கிலத்தில். போர் நடக்கும் ஊரில் மகனை விட்டுவிட்டு, மருந்து தேடிப் புறப்படும் தாய் நான். அவள் திரும்பி வருவதில்லை. வாசலில் அவள் சொல்லும் ஒரு வரி மட்டும் தமிழில் வேண்டும் என்றார். போய்விட்டு வருகிறேன் என்பதை எங்கள் ஊர்ப் பேச்சில் "போட்டு வாறன்" என்று சொல்லிக் காட்டினேன். அவருக்கு அது நீளமாகப் பட்டது. மகனாக நடித்த மலேசியத் தமிழரிடம் கேட்டார். அவர் வெள்ளந்தியான மனிதர், "போறேன்" என்று எடுத்துக் கொடுத்துவிட்டார்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

"உமக்கென்ன விசரே? வாசல்ல நிண்டு ஆராவது போறன் எண்டு சொல்லுவினமே?"

"போறேன்னா போறேன்தானேக்கா?"

"திரும்பி வராத ஆக்கள்தான் போறது. மற்ற ஆக்கள் போட்டு வாறது."

இதை ஆங்கிலத்தில் சொன்னதும் இயக்குநருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்படியென்றால் அதுதான் சரியான சொல். அவள் திரும்பி வரப்போவதில்லையே!"

"அது உங்களுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது."

பிரதியை நாற்காலியில் வீசிவிட்டு வெளியே போனார். திரும்பி வந்தபோது மழையில் நனைந்திருந்தார். "என் படங்களில் எல்லாப் பாத்திரங்களுக்கும் முடிவு முன்கூட்டியே தெரிந்திருந்தது. அதனால்தான் தேறவில்லை" என்று முணுமுணுத்தார். பிறகு என்னைப் பார்த்து, "உன் நீளமான வரியையே சொல்லித் தொலை" என்றார்.

முதல் காட்சிக்கு அவர் வரவில்லை. அந்த வாரமே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். காட்சிக்கு மறுநாள் மத்தியானம் பார்க்கப் போனேன். உடம்பு மஞ்சள் பூத்துக் கிடந்தார். எத்தனை பேர் வந்தார்கள் என்றுதான் முதலில் கேட்டார். பாதி நாற்காலிகள் காலி என்று உள்ளதைச் சொன்னேன். "என் கடைசிப் படத்துக்குப் பாதிகூட நிரம்பவில்லை" என்று சிரிக்கப் பார்த்தார். இருமல்தான் வந்தது. கடவுள் இந்த ஒரு காட்சியையாவது அவருக்குக் காட்டியிருக்கக்கூடாதா என்று நினைத்தேன்.

நேரமாகிவிட்டது என்று தாதி வந்து சொன்னார். எழுந்து, பழக்கத்தில், "போட்டு வாறன்" என்றேன்.

அவர் என் கையை விடாமல், "போறன்" என்றார். உச்சரிப்பில் ஒரு பிழையும் இல்லை.

"அப்படிச் சொல்லக்கூடாது" என்று அதட்டினேன்.

"அவளுக்குத் தெரியாது," என்றார் ஆங்கிலத்தில். "எனக்குத் தெரியும்."