மீட்டர்காரர் வீட்டுக் குடம்

பேரனுக்கு மறுபடியும் வயிற்றுப்போக்கு. இரண்டு மாதத்தில் இது நான்காவது முறை. டாக்டர் மருந்தை எழுதிக் கொடுத்துவிட்டு, "தண்ணிய நல்லாக் கொதிக்க வெச்சுக் குடுங்க" என்றார். அதை யாரிடம் சொன்னார்? வீடு வீடாகப் போய்க் குடிதண்ணீர் மெஷின் பழுது பார்ப்பதையே பதினாறு வருடமாகச் செய்துவரும் மனிதரிடம். மீட்டர்காரருக்கு முகம் சுண்டிப் போயிற்று.

தெருவில் அவருக்கு அதுதான் பெயர். சட்டைப் பையில் பேனா மாதிரி ஒரு மீட்டர் எப்போதும் இருக்கும். அதன் முனையைத் தண்ணீரில் முக்கினால் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று எண் காட்டும். கிருமியைக் காட்டாது. இதை வாடிக்கையாளர்களிடம் தொண்டை வறள எடுத்துச் சொல்பவரே அவர்தான். ஆனாலும் எண்ணைப் பார்த்தால்தான் அவருக்கு மனசு அடங்கும்.

அவர் வீட்டில் மெஷின் கிடையாது. ஊரார் வீட்டு மெஷின்களைத் திறந்து உள்ளே இருப்பதைப் பார்த்துப் பார்த்து அவருக்கு அவற்றின்மேல் இருந்த நம்பிக்கையே போய்விட்டது. மனைவிதான் தினமும் காலையில் பெரிய பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, எவர்சில்வர் குடத்தில் ஊற்றி மூடிவைப்பாள். அவர் வேலைக்குக் கிளம்பும்போது மூடியைத் திறந்து மீட்டரை முக்கி, "நூத்தி எண்பது" என்று அறிவித்துவிட்டுப் போவார். அந்த வீட்டில் அது காலை வணக்கம் மாதிரி.

பேரன் வந்த பிறகு இதெல்லாம் ஒரு வெறியாகவே ஆகிவிட்டது. மகள் வேலைக்குப் போவதால் பதினொரு மாதக் குழந்தையோடு இங்கேயே வந்து தங்கியிருந்தாள். முதல் தடவை குழந்தைக்கு வயிறு கெட்டபோது மீட்டர்காரர் குழாயை மாற்றினார். இரண்டாம் தடவை குடத்தை மாற்றினார். மூன்றாம் தடவை மாற்ற வேறொன்றும் மிச்சமில்லாததால் மனைவியைப் பிடித்துக்கொண்டார்.

"கொதி வந்ததும் இறக்கிடுறியா?"

"பத்து நிமிஷம் விடுறேங்க."

"கைய சோப்புப் போட்டுக் கழுவினியா?"

"கழுவினேன்."

"அப்புறம் எப்பிடி வருது? வானத்துலேர்ந்தா குதிக்குது?"

அவள் மறுபடியும் போய்க் கை கழுவினாள். மனிதர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் கையைப் பார்க்கத் தோன்றவில்லை, பாவம்.

இன்று காலை மகள் குழந்தையின் துணிகளை மடித்தபடியே முடிவாகச் சொல்லிவிட்டாள். "ஞாயித்துக்கிழமை இவனை எங்க மாமியார்கிட்ட கொண்டுபோய் விட்டுடுறேன்ப்பா. வாராவாரம் போய்ப் பார்த்துக்குறேன். வேற வழி தெரியல."

மனைவி மெல்லச் சொன்னாள்: "கூட்டிட்டுப் போம்மா. என் கைதான் சரியில்ல போலிருக்கு."

மீட்டர்காரர் குடத்தைத் திறந்தார். நூற்று எண்பது. வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

எங்கும் இருப்புக் கொள்ளவில்லை. முதல் வீட்டில் திருகாணியைத் தொலைத்துவிட்டு அரைமணி நேரம் தேடினார். கடைசியில் அது அவர் கையிலேயே இருந்தது. இரண்டாவது, நாலாம் மாடியில் ஒரு டீச்சர் வீடு. ஃபில்டரை மாற்றினார். மெஷின் வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீர்க் குழாயில் மீட்டரை விட்டுப் பார்த்தார். பிறகு ஒரு டம்ளரில் நல்ல தண்ணீர் பிடித்து அதிலும் முக்கி, எண்ணைக் காட்டிவிட்டு, பழக்கப்படி டம்ளரைத் தொட்டியில் கவிழ்த்தார்.

டீச்சருக்குப் பொறுக்கவில்லை. "நல்ல தண்ணிதானே, ஏன் ஊத்துறீங்க?"

"மீட்டர் பட்ட தண்ணிம்மா. எத்தனை வீட்டுக் கழிவுல முங்கினதோ, அதைப் போய் யாராவது குடிப்பாங்..."

வாய் அப்படியே நின்றுவிட்டது.

பதினாறு வருடமாக எந்த வீட்டிலும் அந்த ஒரு டம்ளரை ஊற்றாமல் அவர் விட்டதில்லை. ஊற்றாத ஒரே வீடு அவருடையது. அங்கே டம்ளர் கிடையாது, நேராகக் குடம்தான். மனைவி பாடுபட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரில் ஒரு டம்ளர்கூட வீணாகக் கூடாதே என்ற நல்ல எண்ணம். முனையைத் துடைப்பதெல்லாம் பேன்ட்டில்தான். பெரியவர்கள் வயிறு இத்தனை வருடத்தில் அதற்குப் பழகியிருந்தது, குழந்தை வயிறு பழகவில்லை.

"என்னண்ணே, உடம்பு சரியில்லையா?" என்றார் டீச்சர். மீட்டர்காரர் கருவிப் பையைக்கூட மூடாமல் மாடிப்படியில் இறங்கிக்கொண்டே வீட்டுக்குப் போன் போட்டார்.

"பையனுக்குத் தண்ணி குடுத்தியா?"

"இப்பதான் எடுக்கப் போறேன். ஏன்?"

"குடுக்காத! அந்தக் குடத்தைத் தொடாத! வர்றேன்."

வண்டியை விரட்டினார். சிக்னலில் நிற்கும்போது மீட்டரைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்தார். முனையில் பழுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. அந்த நிமிடம் தன்னைத் தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் குடத்தைத் தூக்கித் தொட்டியில் கவிழ்த்தார். மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றாள். அவர் திரும்பாமலே எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்தும் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தவில்லை.

"ரெண்டு மாசமா என் கைய நானே மோந்து மோந்து பார்த்துட்டிருந்தேங்க" என்றாள். "தேய்ச்சுத் தேய்ச்சு இதப் பாருங்க." விரலிடுக்கெல்லாம் தோல் உரிந்து சிவந்திருந்தது. இரண்டு மாதமாகப் பார்த்த கையை அவர் இப்போதுதான் பார்த்தார்.

சாயங்காலம் மகள் வந்ததும், செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டார். "உங்கம்மா கை இல்லம்மா. என் மீட்டர்."

அவள் முழுக்கக் கேட்டாள்.  பிறகு அம்மாவின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஞாயித்துக்கிழமை போகல" என்றாள். "பையனுக்குச் சரியாகுதான்னு ரெண்டு வாரம் பார்ப்போம். ஆனா நீங்க குடத்துப் பக்கம் வரக் கூடாதுப்பா."

"வரமாட்டேன்."

மறுநாள் காலை புதிதாகக் கொதிக்கவைத்த தண்ணீர் ஆறிக் குடத்துக்குள் போயிற்று. மீட்டர்காரர் சமையலறை வாசலிலேயே நின்றார். கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. பை காலி. மீட்டர் வண்டிப் பெட்டிக்குள் பூட்டியிருந்தது. எண் தெரியாமல் வேலைக்குக் கிளம்ப அவருக்குக் கால் வரவில்லை. வாசலுக்குப் போனார், திரும்பி வந்தார், மறுபடி போனார்.

"என்னங்க?" என்றாள் மனைவி.

"தண்ணி எப்பிடி இருக்கு?"

வாழ்க்கையில் முதல் முறையாக அவளிடம் கேட்டார். அவள் உரிந்த விரலால் மூடியை அழுத்தி மூடினாள்.

"நல்லா இருக்கு. போயிட்டு வாங்க."