பிப்ரவரி முப்பதாம் தேதியிலும் நாலு டிகிரி

சூசைமரியானின் பொறுப்பில் இருந்த தடுப்பூசி ஃபிரிட்ஜ் போல ஒழுக்கமான ஃபிரிட்ஜ் சிவகங்கை மாவட்டத்திலேயே கிடையாது. அந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவர் மருந்தாளுநராகச் சேர்ந்து பதினோரு வருஷம். எட்டு டிகிரியைத் தாண்டினால் தடுப்பூசி மருந்து கெட்டுவிடும்; அங்கேயோ காலை நாலு டிகிரி, மாலை நாலு டிகிரி, ஒரு நாளும் பிசகியதில்லை. சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தாலும் நாலு. கரண்டு போனாலும் நாலு. மாதம் பிறந்தால் ஒன்றாம் தேதி காலையிலேயே உட்கார்ந்து, சுவரில் தொங்கும் வெப்பநிலைத் தாளில் மாதம் முழுவதற்கும் எழுதி முடித்துவிடுவார். அச்சடித்த தாளில் முப்பத்தொரு கட்டம் இருந்ததால், பிப்ரவரி முப்பதாம் தேதியிலும் அந்த ஃபிரிட்ஜ் நாலு டிகிரியில்தான் இருந்தது. ஆய்வுக்கு வந்த பெரிய டாக்டர் அதற்குக் கீழே பச்சை மையில் 'நன்று' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டுப் போனார்.

தெர்மாமீட்டர் என்று ஒன்று இருக்கத்தான் செய்தது. அதை உள்ளே வைத்து, யார் கையாவது பட்டு உடைந்தால் ஸ்டாக் ரிஜிஸ்டருக்கு யார் பதில் சொல்வது? வந்த அன்றே பஞ்சு சுற்றி மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டார். மருந்து கெட்டால் கேட்க ஆளில்லை, தெர்மாமீட்டர் உடைந்தால் கேட்க பத்துப் பேர் உண்டு. மனுஷன் விவரமானவர்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் மே மாதம் காற்றிலும் மழையிலும் மின்கம்பங்கள் சாய்ந்து மூன்று நாள் கரண்டு இல்லை. புதன்கிழமை காலை ஏழு மணிக்குத்தான் வந்தது. புதன் என்றால் தடுப்பூசி நாள். எட்டு மணிக்கு நர்ஸ் யூஜினியா மருந்துப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். நாச்சியாபுரத்தில் இருபத்தாறு பிள்ளைகள் அவளுக்காகக் காத்திருந்தன.

"மருந்து நல்லாருக்காண்ணே? மூணு நாளா கரண்டு இல்லையே?"

சூசைமரியான் சுவரில் தொங்கிய தாளைத் தட்டிக் காட்டினார். "பாக்குறீகள்ல? காலையில நாலு, சாயங்காலம் நாலு."

"இன்னைக்குச் சாயங்காலமே இன்னும் வரலையேண்ணே."

அவர் தாளை நேராகத் தொங்கவிட்டார். "எல்லாம் ஒரு அனுபவந்தான் சிஸ்டர்."

"சரி, அப்ப உங்க மக பெல்சி பிள்ளையிலருந்தே ஆரம்பிக்கிறேன். மூணாவது தவணை போலியோ சொட்டுக்கு வாரேன்னு சொல்லியிருக்கா."

நாச்சியாபுரத்தில் வாழ்க்கைப்பட்ட பெல்சிக்கு ஏழு வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளை அது. சூசைமரியான் தாளை ஒரு முறையும் ஃபிரிட்ஜை ஒரு முறையும் பார்த்தார். போலியோவில் கால் சூம்பிய பிள்ளைகளை அந்த வாசலில் அவர் எத்தனையோ பார்த்திருக்கிறார். அப்போதெல்லாம் 'பாவம், தலையெழுத்து' என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறார்.

சாவியைத் தேடி, இழுப்பறையைத் திறந்து, பஞ்சைப் பிரித்து, தெர்மாமீட்டரை முதன்முதலாக ஃபிரிட்ஜுக்குள் வைத்தார். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் பத்தொன்பது.

"இதுல ஒண்ணையும் தொடாதீக சிஸ்டர்" என்றார்.

குப்பிகளையெல்லாம் பையில் கட்டி, 'உபயோகிக்கக் கூடாது' என்று எழுதி ஒட்டினார். அன்றைய கட்டத்தில் நாலை அடித்துப் பத்தொன்பது என்று எழுதினார். தாமே பஸ் ஏறிக் காரைக்குடிக்குப் போய், ஐஸ் வைத்த பெட்டியில் புது மருந்து வாங்கி வந்தார். மத்தியானம் பேரன் வாயில் சொட்டு விழுந்தது.

பதினோரு வருஷப் பொய்யைத் திரும்பிப் பார்க்காத அலுவலகம், ஒரே ஒரு உண்மைக்குப் பத்தே நாளில் மெமோ அனுப்பியது. 'இதுவரை 4 டிகிரியில் இருந்த குளிர்சாதனப் பெட்டி, தங்கள் பொறுப்பில் 19 டிகிரிக்குச் சென்றது ஏன்? மூன்று தினங்களுக்குள் விளக்கம் அளிக்கவும்.'

"கரண்டு இல்லைன்னு எழுதிப்புடுங்கண்ணே, தப்பிச்சுக்குவீக" என்றாள் யூஜினியா.

அதுவும் உண்மைதான். ஆனாலும் அவர் பேனாவை வைத்துவிட்டுப் பழைய தாள்களைப் புரட்டினார். பதினோரு வருஷத்தில் எத்தனை முறை கரண்டு போனது, எத்தனை புதன்கிழமை வந்தது என்று எண்ணிப் பார்க்கவே பயமாக இருந்தது. கடைசியில் ஒரே வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

'ஐயா, அன்றுதான் தெர்மாமீட்டரை உள்ளே வைத்தேன்.'