ரெண்டு மாடி ஏற முடியுமா?

சட்டையைக் கழட்டிட்டுப் படுத்த ஆம்பளை, மனசுல இருக்கறதையும் கொஞ்ச நேரத்துல கழட்டி வச்சிடுவான். பதினெட்டு வருஷமா ஈசிஜி எடுத்து நான் கத்துக்கிட்டது இது ஒண்ணுதான்.

காரைக்கால்ல ஒரு இதய கிளினிக். ரெண்டாவது மாடி. லிஃப்ட் நோயாளிங்களுக்கு, எங்களுக்குப் படிதான். டாக்டரம்மா உள்ள இருப்பாங்க, நான் வெளி ரூம்ல மெஷினோட இருப்பேன். ஒரு பொம்பளைகிட்ட எப்படிக் கேக்கறதுன்னு வெக்கப்பட்டு, ஆம்பளைங்க எல்லாரும் அந்தக் கேள்வியை என்கிட்டதான் கேப்பாங்க. சம்சாரத்தோட சேர்ந்தா ஆயுசு குறையுமா? ஒதுங்கியே இருந்தா கூடுமா? டாக்டரம்மா சொல்லிக் குடுத்ததை அப்படியே ஒப்பிப்பேன்: ரெண்டு மாடி மூச்சு வாங்காம, நெஞ்சு வலிக்காம ஏற முடிஞ்சா பெரும்பாலும் பயமில்ல, ஒதுங்கி இருக்கறதால ஆயுசு கூடும்னு யாரும் கண்டதில்ல.

சொல்ற எனக்கே அதுல நம்பிக்கை இருந்ததில்ல. எங்கப்பா நாப்பத்தாறு வயசுல தூக்கத்துலயே போயிட்டாரு. எனக்கு அப்ப பன்னண்டு வயசு, தங்கச்சி பொறந்து ஆறு மாசம். சாவு வீட்டுல பெரியப்பா முறை ஒருத்தர், "இந்த வயசுல பிள்ளை பெத்தான்ல, உசுரு தண்ணியா ஓடிடுச்சு"ன்னு சொன்னது என் காதுல விழுந்துச்சு. அது இன்னும் வெளிய போகல. எனக்கு இப்ப நாப்பத்தஞ்சு முடியப்போகுது. பதினாலு மாசம் ஹால்ல பாய் போட்டுப் படுத்தேன். செல்விகிட்ட, அதான் என் சம்சாரம், குறட்டைன்னு காரணம் சொல்லி வச்சிருந்தேன். என்னை மாதிரி பயந்தாங்கொள்ளிங்க இன்னும் எத்தனை வீட்டு ஹால்ல படுத்திருக்கீங்களோ, உங்களுக்காகத்தான் இதை எழுதறேன்.

தண்ணி டேங்க்

வரிச்சிக்குடிக்காரர் ஒருத்தர், அம்பது வயசு இருக்கும், வயல் வேலை. ஸ்டென்ட் வச்சு மூணு மாசம் ஆயிருந்துச்சு. வழக்கமான கேள்வியைக் கேட்டாரு, நானும் ரெண்டு மாடிக் கதையைச் சொல்லி அனுப்பிட்டேன். மனுஷன் இருக்கறது ஓட்டு வீடு. மாடி வீட்டுக்காரங்ககிட்டப் போயி, உங்க படியில கொஞ்சம் ஏறிப் பாக்கறேன்னு எப்படிக் கேப்பாரு? ஊருக்கு வெளிய குடிதண்ணி டேங்க் இருக்கு, அதைச் சுத்தி மேல போற இரும்பு ஏணி. பட்டப்பகல்ல அதுல ஏறிட்டாரு.

நாத்து நட்டுக்கிட்டிருந்த பொம்பளைங்க பார்த்துட்டுக் கத்தியிருக்காங்க. போற வர்ற வண்டியெல்லாம் நின்னுடுச்சு. சம்சாரம் தலைவிரி கோலமா ஓடிவந்து கீழ உருண்டிருக்கு. கடன் தொல்லையா, பிள்ளைங்களோட சண்டையான்னு ஊரே அண்ணாந்து கேக்குது, அவரு எதுக்கு ஏறினேன்னு எப்படிச் சொல்லுவாரு? நாலு பேர் மேல ஏறிப் பிடிச்சு இறக்கியிருக்காங்க. அடுத்த வாரம் வந்து இதைச் சொன்னப்ப அவரு நெஞ்சுல ஒட்டப் போன ஈசிஜி ரப்பர் பல்ப் என் கையிலேருந்து நழுவி விழுந்துடுச்சு. தவறி விழுந்திருந்தா அந்தப் பாவம் என் தலையிலதான். ஏன் ஐயா, இங்கயே படி இருக்கே, இதுல ஏறிப் பார்த்திருக்கக் கூடாதான்னு கேட்டேன்.

"டேங்க்லயே ஏறிட்டேன் சார், மூச்சே வாங்கல. ஆனா அன்னையிலேருந்து நான் மறுபடி ஏறிடுவேன்னு என் மச்சான் ரெண்டு பேரு எங்களுக்கு நடுவுல பாய் போட்டுப் படுத்திருக்கானுவ."

வைராக்கியம்

நெடுங்காட்டுப் பக்கத்து வாத்தியார் ஒருத்தர், அம்பத்தாறு வயசு, கல்யாணமே பண்ணிக்கல. குடலிறக்கத்துக்கு ஆபரேஷன், அதுக்கு முன்னாடி ஈசிஜி எடுக்க வந்தாரு. உடம்பு தேக்கு மாதிரி இருந்துச்சு. படுத்துக்கிட்டே எனக்குப் பாடம் எடுத்தாரு. ஒரு சொட்டு வீணாக்கினா இத்தனை சொட்டு ரத்தம் போகுது, நான் ஒரு சொட்டு வீணாக்கல, நூறு வயசு உறுதின்னாரு. எனக்கு அதைக் கேக்க அவ்வளவு தெம்பா இருந்துச்சு. நான் ஹால்ல படுக்க ஆரம்பிச்சு அப்ப ஏழு மாசம்.

பேப்பர் ஓட ஓட என் தெம்பு போச்சு. எப்பவோ ஒரு அட்டாக் வந்து, அவருக்கே தெரியாம போயிருக்கு. தழும்பு மாதிரி அது பேப்பர்ல தெரியும். அதை டாக்டரம்மாதான் சொன்னாங்க. சர்க்கரை ரொம்ப நாளா இருந்திருக்கு, பார்த்துக்காம விட்டுட்டீங்க, கல்யாணம் பண்ணிக்காததுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லன்னாங்க. வெளிய வந்து சட்டை பட்டனை மாத்தி மாத்திப் போட்டாரு. நான் போட்டுவிடப் போனேன், கையைப் பிடிச்சுக்கிட்டாரு. கை ஜில்லுன்னு இருந்துச்சு.

"அப்ப நான் எதுக்குத் தம்பி அந்தப் பொண்ணை வேண்டாம்னு சொன்னேன்?"

பிரெஞ்சு பென்ஷன்காரர்

எண்பத்தேழு வயசு, பிரெஞ்சு சர்க்கார் பென்ஷன், தலையில தொப்பி. வருஷம் ஒரு தடவை சம்சாரத்தோட வருவாரு, அவங்களுக்கும் எண்பது இருக்கும். போன தடவை நானே வெக்கத்தை விட்டு அவர்கிட்ட கேட்டேன், ஒதுங்கி இருந்தா ஆயுசு கூடுமான்னு. வெளிய உக்காந்திருந்த சம்சாரத்தை ஒரு பார்வை பார்த்துட்டுச் சொன்னாரு:

"நான் ஒதுங்கிப் பார்த்ததில்லையே தம்பி, எனக்கு எப்படித் தெரியும்?"

கூட வந்த பொம்பளை

முப்பத்தெட்டு வயசு இருக்கும். புருஷனை மெஷின்ல படுக்க வச்சுட்டு நான் பேப்பர் எடுக்க வெளிய வந்தப்ப, வராண்டாவுல மடக்கிப் பிடிச்சுக்கிட்டாங்க. அவருக்கு அட்டாக் வந்து ஆறு மாசம். அன்னையிலேருந்து மாமியார் அவங்களைத் தனி ரூம்ல படுக்க வச்சு, அந்த ரூம் வாசல்ல தானே படுத்துக்கறாங்களாம். புருஷனும் அதுக்கு ஒத்துக்கிட்டாராம். கிட்டப் போனா விலகிக்கறாரு, காபி டம்ளரைக் கூட கீழ வச்சுட்டுப் போன்னு சொல்றாராம். டாக்டரம்மா வாயால ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கன்னு கேட்டாங்க.

நான் வழக்கம்போல, எதுக்கும்மா வம்பு, உசுரு முக்கியமில்லையா, கொஞ்ச நாள் ஒதுங்கியே இருக்கட்டுமேன்னுட்டேன். டாக்டரம்மா சொல்லிக் குடுத்தது எதுவும் அப்ப வாயில வரல, அந்தச் சாவு வீட்டுப் பெரியப்பாதான் வந்தாரு. அந்தப் பொம்பளை அழல, என்னையே உத்துப் பார்த்தாங்க.

"உசுரோட இருக்கறப்பவே என்னை எமனைப் பாக்கற மாதிரி பாக்கறாருண்ணே, அதுக்கு நான் என்ன தப்பு பண்ணேன்?"

என் ஈசிஜி

அன்னைக்கு ராத்திரி வீட்டுல சாப்பிட உக்காந்தேன். பேரு ஊரு சொல்லாம, அந்தப் பொம்பளை சொன்னதைச் செல்விகிட்ட சொன்னேன். செல்வி குழம்பு ஊத்தினவ அப்படியே நின்னா. அப்பறம் ரொம்ப நிதானமா, உங்கப்பாவுக்கு எத்தனை வயசுல ஆச்சுன்னு கேட்டா. நாப்பத்தாறுன்னேன். கரண்டியை வச்சுட்டு ரூமுக்குள்ள போயிட்டா.

சனிக்கிழமை. திருநள்ளாறு பஸ்ஸெல்லாம் பிதுங்கிப் போகும், எங்க கிளினிக்ல கூட்டம் இருக்காது. செல்வி வந்து நிக்கறா, கையில டோக்கன். டோக்கன் என் பேர்ல. ஊரு நெஞ்சையெல்லாம் பார்த்த நான் என் நெஞ்சை மட்டும் ஒரு நாளும் மெஷின்ல காட்டினதில்ல, பார்த்தா தெரிஞ்சிடுமேங்கற பயம். டாக்டரம்மாவே படுங்கன்னுட்டாங்க. சிஸ்டர் கிளிப் மாட்டினாங்க. எத்தனை பேருக்குத் தடவின ஜெல், அது அவ்வளவு ஜில்லுன்னு இருக்கும்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். பேப்பர் ஓடற சத்தம் கேட்டு கண்ணை இறுக்கி மூடிக்கிட்டேன். அப்பா முகம்தான் தெரிஞ்சுது.

நல்லாத்தான் இருக்கு, துடிப்பு மட்டும் வேகம், பயந்திருக்கீங்கன்னாங்க டாக்டரம்மா. மத்த டெஸ்டும் எழுதிக் குடுத்தாங்க. வீட்டுல ஏதாவது பிரச்சனையான்னு கேட்டாங்க. குறட்டைன்னேன். செல்வி டெஸ்ட் சீட்டை மடிச்சுப் பையில வச்சா. படி இறங்கறப்ப முதல் மாடி திருப்பத்துல நின்னுட்டா. கண்ணு ரெண்டும் செவந்திருந்துச்சு.

"பதினெட்டு வருஷமா தினம் ரெண்டு மாடி ஏறித்தானே இங்க வர்றீங்க? நான் என்ன உங்களுக்கு மூணாவது மாடியா?"

ஒதுங்கி இருந்தா ஆயுசு கூடுமான்னு இப்பவும் தினம் யாராவது கேட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க, மத்தவங்களுக்கு எப்படியோ, நான் ஹால்ல படுத்த பதினாலு மாசமும் எனக்கு ஆயுசுல கூடல, கழிஞ்சுதான் போச்சு.