ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

என் கழுத்தில் தொங்கும் அட்டையில் ‘தன்னார்வலர்’ என்று போட்டிருக்கிறது. வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் பார்த்து, மாதத்துக்கான மாத்திரையைக் கொடுத்துவிட்டு வருகிற வேலை. இதற்குக் கொடுப்பது சம்பளம் இல்லை, ஊக்கத்தொகை. போன வருஷம் அது மூன்று மாதமாக வரவில்லை. என் ஆர்வத்தைத் தராசில் போட்டு யாரும் அரிசி தரமாட்டார்கள் என்பதால், ஆடி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை தூக்குவாளியில் சோற்றை அடைத்துக்கொண்டு, ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கூலியாள் ஏற்றிப்போகும் ஜீப்பில் ஏறிவிட்டேன்.

கம்பத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பெண்களில் பாதிப் பேர் இப்படித்தான் தினமும் கேரளாவுக்குப் போய்ப் பொழுது சாயத் திரும்புகிறார்கள். என் பக்கத்து வீட்டு மதினியும் அதே ஜீப்புதான். இடித்துப் பிடித்து எனக்கு இடம் கொடுத்தார்.

அவர்மேல் எனக்கு ஏகப்பட்ட கோபம் இருந்தது. என் ரெஜிஸ்டரிலேயே இறங்காத பிரஷர் அவருடையதுதான். எப்போது பார்த்தாலும் நூற்றெண்பது. அவருடைய அக்கா இதே பிரஷரில் பக்கவாதம் வந்து படுத்தவர். இரண்டு பிள்ளைகளோடு தனியாளாக நிற்கிற மதினியும் படுத்துவிடுவாரோ என்று எனக்குப் பயம். பயம் வந்தால் எனக்குத் திட்டத்தான் வரும்.

ஞாயிற்றுக்கிழமைதான் அவரை வீட்டில் பிடிக்க முடியும்.

“இன்னைக்கு மாத்திரை போட்டீகளா மதினி?”

“போட்டேன் தாயி.”

கையில் பட்டையைக் கட்டினால் மெஷின் வேறு கதை சொல்லும். பொய் சொல்கிறீர்கள் என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவேன். அவர் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்வார்.

ஜீப் லோயர் கேம்ப்பைத் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் எனக்கு அடிவயிறு முட்டியது. விவரம் கெட்டவள், இரண்டு டம்ளர் காப்பி குடித்துவிட்டு ஏறியிருந்தேன்.

“அண்ணே, ஒரு ஓரமா நிறுத்துங்க.”

ஜீப்பே சிரித்தது.

“நிறுத்துனா செக்போஸ்ட்டு லைன்ல மாட்டிக்கிருவோம்க்கா,” என்றார் டிரைவர். “லேட்டாப் போனா கங்காணி எல்லாரையும் திருப்பி அனுப்பிருவாக.”

மதினி என் காதோடு சொன்னார்: “இதுக்குத்தேன் தாயி, நான் அந்த மாத்திரைய ஞாயித்துக்கெழம மட்டும் போடுறேன். அதப் போட்டா அரமணிக்கு ஒருக்கா போக வேண்டியிருக்கு.”

“தினமும் போடுறதா எங்கிட்டச் சத்தியம் பண்ணீகளே!”

“நீ என்னைக்குத் தினமும்னு கேட்ட? இன்னைக்குப் போட்டீகளான்னுதான கேட்ட? போட்டேன்னு சொன்னேன்.”

வயிறு முட்டியதுகூட ஒரு நிமிஷம் மறந்துவிட்டது. அந்த ஜீப்பில் அன்றைக்கு என்னைவிட வெட்கப்பட்டவர் யாரும் இருந்திருக்க முடியாது. மாதக்கணக்காகத் திட்டியிருக்கிறேன், கேள்வியை மட்டும் மாற்றிக் கேட்கத் தோன்றவே இல்லை.

மறுநாள் கூலியை விட்டுவிட்டு இருவரும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். நீர் அதிகம் பிரியவைக்கும் மாத்திரை அது என்று சொல்லி, டாக்டரம்மா வேறு எழுதிக் கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“இத்தனை மாசமாத் தெரியாதது இப்ப எப்படித் தெரிஞ்சது?”

“ஜீப்புல போகும்போது சொன்னாக டாக்டர்.”

“பரவாயில்லையே! ஜீப்புல ஏறிக்கூட பிரஷர் பாக்குறீங்களா?”

“இல்ல டாக்டர். நானும் காய் எடுக்கப் போனேன்.”

ஊக்கத்தொகைக்காக மேலிடத்துக்கு எழுதியிருப்பதாகவும் சீக்கிரம் வந்துவிடும் என்றும் சொன்னார். பாவம், அவர் கையிலா இருக்கிறது?

ஆறு நாள் மலை, ஞாயிறு மட்டும் மெஷின் என்று என் பிழைப்பு மாறியது. வாரம் முழுக்கப் போய்ப் பார்த்த வீடுகளை ஒரே நாளில் முடிக்கப் பார்த்தேன். முடியவில்லை. வழியில் பார்க்கிறவர்கள் எல்லாம், “எங்க தெருவ மறந்துட்டியா ஆத்தா?” என்றார்கள்.

ஒரு மாதம் கழித்து, ஒரு ஞாயிறு சாயங்காலம் மதினி கையை நீட்டினார்.

“மாத்திரை தினமும் போடுறீகளா?” என்று இந்தத் தடவை ஒழுங்காகக் கேட்டேன்.

“தினமும்தேன்.”

நூற்று முப்பத்தாறு. நம்பாமல் இன்னொரு தடவை பார்த்தேன். அதேதான். சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. மதினிக்கும் அப்படி ஒரு சிரிப்பு. அந்தச் சந்தோஷத்தோடே கேட்டார்: “நாளைக்கும் ஜீப்புல ஒனக்கு எடம் போட்டு வைக்கட்டுமா தாயி?”

ரெஜிஸ்டரில் இன்னும் இரண்டு தெரு பாக்கி இருந்தது. ஊக்கத்தொகை வரவில்லை.

“போட்டு வைங்க மதினி,” என்றேன்.